அயர்ந்த உறக்கமும் போடியின் இலவம்பஞ்சும்

ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிள்ளைகளை உறங்க அனுப்பும்போது 'குட் நைட், ஸ்லீப் டைட்' என்று வாழ்த்துவதும், மூட்டைப்பூச்சி கடிக்காமல் பார்த்துக்கொள் என்று சேர்த்துச் சொல்வதும் நெடுநாள் வழக்கம். இவ்வழக்கின் தோற்றம் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் கயிற்றுக் கட்டிலைச் சார்ந்தது. பழங்காலக் கட்டில்களில் மெத்தையைத் தாங்கிய கயிறு நாளடைவில் தொய்ந்துவிடும் என்பதால், அதை மரச் சாவியால் முறுக்கி இறுக்கினர் என்றும், அந்த இறுக்கமே 'டைட்' என்ற சொல்லாயிற்று என்றும் கூறுவர்.

கயிற்றை முறுக்கியது உண்மை. வாழ்த்து அதிலிருந்து பிறந்தது என்பதற்குத்தான் சான்றில்லை. கயிற்றுக் கட்டில் பல நூற்றாண்டுப் பழமையுடையது. இத்தொடரோ 1866ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்க நாட்குறிப்பு ஒன்றில்தான் முதலில் தென்படுகிறது. 'டைட்' என்பதற்கு 'நன்றாக, உறுதியாக' என்ற பொருளும் முன்பு வழங்கியதால், அயர்ந்து உறங்கு என்பதே வாழ்த்தின் கருத்தென அறிஞர் கொள்கின்றனர்.

மூட்டைப்பூச்சி பற்றிய எச்சரிக்கை மட்டும் சொல்லுக்குச் சொல் உண்மையானது. கட்டிலின் மூட்டுவாய்களிலும் மெத்தையின் தையல்களிலும் பகலில் பதுங்கி, இரவில் இரத்தம் குடிக்கும் இப்பூச்சி ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாங்காது என்பதால், தமிழ்நாட்டு வீடுகளில் கட்டிலின் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி வெயிலில் போட்டுவந்த முறை அறிவியலுக்கும் பொருந்துவதே.

படுக்கையை உருவாக்குவதையே தொழிலாகக் கொண்ட ஊர்களுள் ஒன்று, தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள போடிநாயக்கனூர். சுற்றுவட்டாரச் சரிவுகளில் வளரும் இலவமரத்தின் நெற்றுகள் கோடையில் முற்றியதும் பறிக்கப்பட்டு, ஓடும் விதையும் நீக்கப்பட்டு, மெத்தைக்கும் தலையணைக்கும் பஞ்சாகின்றன. காய் பழுக்குமென்று காத்திருந்த கிளியை ஏமாற்றிய இந்தப் பஞ்சின் ஒவ்வோர் இழையும், மெழுகு பூசியது போன்ற மேற்பரப்பும் உள்ளே காற்று நிறைந்த குழிவும் உடையது. அதனால்தான் அது நீரை எளிதில் உறிஞ்சாமல் இலேசாக இருக்கிறது. வழுவழுப்பான அந்தக் குற்றிழை நூலாக நூற்பதற்கு எளிதில் இணங்காததால், அதன் முதன்மைப் பயன் படுக்கையாகவே நிலைத்தது. நாட்பட்டுக் கட்டிதட்டிய மெத்தையைப் பிரித்து, பஞ்சை மீண்டும் அடித்து, வெயிலில் காயவைத்து நிரப்பினால் அது புதிதாகிவிடும்.

இந்த மெத்தைகள் விற்கும் ஊரிலிருந்தே ஏலத்தோட்டத் தொழிலாளர் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். ஏலச்செடியின் சரம் தூரடியில் தரையை ஒட்டிக் கிடப்பதால், காய் எடுப்பவர் நாள் முழுதும் குனிந்தும் குந்தியுமே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அத்தகைய உடலுக்கு இரவுறக்கமே மறுநாளின் மூலதனம். ஆகவே தோட்ட லயங்களில், அதாவது வரிசைக் குடியிருப்புகளில், தங்குவோருக்குப் பூச்சியற்ற கட்டிலும் காய்ந்த மெத்தையும் கிடைக்கச் செய்வதைச் சலுகையாகக் கருதாமல், வேலைவாங்குவோரின் கடமையாகவே கொள்ள வேண்டும்.