இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக...

முதலாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளையிடம் நான்கு ஜோடிச் செருப்பைக் காட்டி, மொத்தம் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணத் தொடங்கும். அதில் குற்றமில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டில் ஆயிரம் வரை எண்கள் வந்துவிடும். பெருக்கல் கணக்கும் வந்துவிடும். அப்போது விரல் போதாது. 'எனக்குக் கணக்கு வராது' என்ற பயம் பல பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் பிடிக்கிறது. பிடித்துவிட்டால் அதை ஓட்டுவது லேசான காரியமல்ல.

இரண்டு, நான்கு, ஆறு என்று தாவித் தாவி எண்ணும் பழக்கம் வீட்டிலேயே வந்துவிட்டால் வாய்ப்பாடு புதுச் சரக்காகத் தோன்றாது. "நாங்களே அதிகம் படிக்கவில்லை, என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது?" என்று தோட்டத்துத் தாய்மார்கள் கேட்பதுண்டு. இருட்டோடு பெரட்டுக்கு ஓடுகிறவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் இந்தக் கணக்கு உங்கள் கையிலேயே இருக்கிறது. சிகாமட், லாபிஸ், குளுவாங் பக்கம் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. வெட்டிய குலைகளைச் சாலையோரம் ஐந்தைந்தாக அடுக்கி எண்ணுகிற அப்பா, பேனா இல்லாமலே ஐந்தாம் வாய்ப்பாடு படிக்கிறார். அதைப் பிள்ளைக்கும் காட்டலாமே!

எல்லாவற்றையும்விட நல்ல வாத்தியார் பல்லாங்குழி. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து என்று ஆடும் வீட்டில், முத்தைப் போடும்போதே பிள்ளை வாய்விட்டுச் சொல்லட்டும்: ஐந்து, பத்து, பதினைந்து... தன் பக்கத்து ஏழு குழி நிரம்பியதும் முப்பத்தைந்து, இரு பக்கமும் சேர்ந்து எழுபது. ஆட்டத்தில் ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் அது 'பசு'. பிடித்த பசுக்களைத் தனியே வைத்து, நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று எண்ணினால் நான்காம் வாய்ப்பாடு தானாக வந்துவிடும். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளின் சொங்காக் ஆட்டத்திலோ, ஏழு குழிப் பலகையென்றால் குழிக்கு ஏழு. மொத்தம் 98. எல்லாரும் தடுமாறுகிற ஏழாம் வாய்ப்பாட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பலகை இல்லையென்றால் மண்ணில் குழி தோண்டிக்கொள்ளுங்கள், புளியங்கொட்டை போதும்.

பத்துப் பத்தாக எண்ணும்போது தமிழில் ஒரு பள்ளம் உண்டு. எண்பது வரை ஓடிவரும் பிள்ளை அடுத்துத் தயங்கும், அல்லது நேரே நூறுக்குத் தாவிவிடும். தொண்ணூறு என்ற சொல்லுக்குள்ளேயே 'நூறு' ஒளிந்திருப்பதால் வரும் குழப்பம் இது. எண்ணூறு 800, தொண்ணூறு 90 என்றால் பெரியவர்களுக்கே சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது! மலாயில் 'செம்பிலான் பூலோ', அதாவது ஒன்பது பத்து என்று நேராகச் சொல்லிவிடுகிறார்கள். பத்துக் காசு நாணயங்கள் ஒன்பதை அடுக்கிக் காட்டி, "இதுதான் தொண்ணூறு" என்று சொல்லுங்கள். பத்தாவது காசை வைத்ததும் ஒரு வெள்ளி. இருபது காசென்றால் ஐந்தே தாவலில் வெள்ளி வந்துவிடும். 2008 ஏப்ரலிலிருந்து கடைகளில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிசெய்வதால், ஐந்தைந்தாக எண்ணத் தெரிந்த பிள்ளை மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கி வந்துவிடும்.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைப் பாட்டாகவே ஒப்பித்தார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் பாட்டு மட்டும் போதாது. ஐம்பது வரை ராகமாகச் சொன்ன பிள்ளை முன், ஐந்து ஐந்தாக ஆறு குவியல் வையுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினால் பாட்டு வந்திருக்கிறது, கணக்கு வரவில்லை. திட்ட வேண்டாம், குட்ட வேண்டாம். ஒவ்வொரு குவியலாகத் தொட்டுச் சொல்லச் செய்யுங்கள்.

பிறகு தொடங்கும் இடத்தை மாற்றுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டும் குடும்பத்தில் நாட்காட்டியே பாடம்: 1, 3, 5, 7. இரண்டாம் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைகூட இதில் முதலில் விழிக்கும். மூன்று நாளுக்கொரு வெட்டானால் 1, 4, 7, 10. மாதத்தின் முதல் ஞாயிறு 3ஆம் தேதி என்றால் மற்ற ஞாயிறுகள் எவை? 10, 17, 24, 31.

ஒரு காலத்தில், நிறுவையில் சொன்னதே எடை, துண்டில் எழுதியதே சம்பளம் என்று தலையாட்டிவிட்டு வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கூட்டிப் பார்க்கத் தெரியாததால் கேட்கவும் வாய் வரவில்லை.

நாளுக்குப் பத்து நிமிடம் போதும். சாப்பாட்டுக்கு முன்போ, குளிக்கும்போதோ. பிள்ளை சலித்துக்கொண்டால் நிறுத்திவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் பாட்டியிடம் சொல்லிவைக்கலாம். பல்லாங்குழியில் பாட்டியை வெல்லப் பிள்ளைக்குச் சில மாதம் பிடிக்கும். முன்னோக்கி எண்ணுவது கைவந்ததும், நூறிலிருந்து ஐந்தைந்தாகப் பின்னோக்கி வரச் சொல்லுங்கள்: 100, 95, 90...