பயனர் கணக்கும் சுயவிவரமும்

இணையச் செயலியில் நுழையும் ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் கணக்கு உண்டு. பயனர் பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல் முதலியவை அதில் இருக்கும். வந்தவர் யார் என்று உறுதிசெய்ய இவ்வளவு போதும்; ஒரு நிறுவனத்தை நடத்தப் போதாது. ஒன்பது பீடங்கள் கொண்ட, இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில், மாணவர் எந்த ஆண்டில் அனுமதி பெற்றார், எந்த மொழியில் கற்கிறார், இராமநாதன் விடுதியில் தங்குகிறாரா அருணாசலம் விடுதியில் தங்குகிறாரா என்பனவும் தேவைப்படலாம். உலகுக்கெல்லாம் பொதுவாக எழுதப்பட்ட மென்பொருளில் இவற்றுக்கு இடம் இராது.

இவற்றைத் தரவுத்தளத்தில் உள்ள கணக்கு அட்டவணைக்குள்ளேயே சேர்த்தால், மென்பொருளின் அடுத்த பதிப்பு வரும்போது சிக்கல் எழும். ஆகவே இந்தக் கூடுதல் விவரங்கள் அடங்கிய சுயவிவரத்துக்குத் தனி அட்டவணை அமைத்து, அதன் ஒவ்வொரு வரியிலும் உரிய கணக்கின் உள் எண்ணைக் குறிப்பதே பெருவழக்கு.

பேராதனைப் பொறியியல் பீடம் கற்பித்தலுக்குப் பயன்படுத்தும் மூடில் மென்பொருளின் முதற்பதிப்பு 2002இல் வெளிவந்தது. நிரல் எழுதாமலே நிருவாகி அதில் புதிய விவரங்களைக் கேட்கலாம். கேள்விகள் ஓர் அட்டவணையிலும் விடைகள் வேறோர் அட்டவணையிலும் சேரும். ஒவ்வொரு விடையோடும் கணக்கு எண்ணும் கேள்வி எண்ணும் இருக்கும். இணையச் செயலிகளை எழுத உதவும் ஜாங்கோ என்ற நிரல் சட்டகத்திலோ, கணக்குக்கும் சுயவிவரத்துக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற உறவை நிரலாளரே அமைக்கிறார். 2013இல் வந்த அதன் 1.5ஆம் பதிப்பு முதல், கணக்கின் வடிவத்தையே மாற்றி எழுதவும் இடமுண்டு. ஆனால் அதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். இடையில் மாற்றுவது கடினம்.

சுயவிவரத்தைக் கணக்கோடு இணைக்கும் எண்ணைத் தெரிவுசெய்வதில்தான் பலர் தவறுகிறார்கள். தேசிய அடையாள அட்டை இலக்கம் நிலையானதாகத் தோன்றும். ஆனால் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்துமாக இருந்த அது, 2016 முதல் பன்னிரண்டு இலக்கங்களாக வழங்கப்படுகிறது. பழைய இலக்கம் ஓரிடத்திலும் புதியது இன்னோரிடத்திலும் பதிந்தால், ஒருவரே இருவராகிவிடுவார். மின்னஞ்சலும் மாறக்கூடியதே. செயலி தானாக வழங்கும் உள் எண் மாறாது.

பெயரிலும் கவனம் வேண்டும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற பிரிப்பு, தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடும் மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. 'முதியன்சேலாகே' என வரும் நீண்ட கண்டிச் சிங்களப் பெயர்களுக்கும் பொருந்தாது. முழுப்பெயருக்குச் சுயவிவரத்தில் ஒரே புலம் வைப்பது நல்லது.

கணக்கு உருவாகும்போதே சுயவிவரமும் உருவாக வேண்டும். முன்பே இருந்த கணக்குகளுக்கும் அதை ஏற்படுத்த வேண்டும். இல்லையேல் பழைய மாணவர் நுழையும்போது பக்கம் பிழை காட்டும். கணக்கை நீக்கினால் விவரம் என்னாகும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கே தரவு திரட்டப்பட வேண்டும் என்கிறது. பயன்படாத கேள்வியைப் படிவத்தில் சேர்க்காதிருப்பதே பாதுகாப்பின் முதற்படி.