உப்பா, வெறும் தண்ணீரா?

பிளஸ் ஒன் வகுப்பில் மோல் பாடம் நடத்தும்போது, ஹோமியோபதி குப்பிமேல் போட்டிருக்கும் '30' என்ற எண்ணைக் கணக்காகக் கொடுப்பேன். ஒரு பங்கு மருந்துக்கு 99 பங்கு தண்ணீரோ ஆல்கஹாலோ. குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கு. இப்படி முப்பது தடவை. ஒரு மோலில் எத்தனை மூலக்கூறு என்று சொல்லும் அவகாட்ரோ எண் தெரிந்த பிள்ளைகள் பன்னிரண்டாவது தடவையிலேயே நிமிர்ந்துவிடுவார்கள்: "மிஸ், இதுக்கு மேல அதுல மருந்தே இருக்காதே!"

என் மாமியாரிடம் இந்தக் கணக்கு செல்லாது. "எனக்குக் கேக்குதும்மா" என்பார். அதுவும் நியாயம்தான். கேட்கிறதா இல்லையா என்று கொடுத்துப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

ஜெர்மனியின் நூரெம்பெர்க் நகரத்தார் 1835-லேயே அதைச் செய்தார்கள். ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் அப்போது உயிரோடு இருந்தார். முப்பது தடவை நீர்த்த சமையல் உப்பே உடம்பில் வேலையைக் காட்டும், ஒன்றுக்குப் பத்து பந்தயம் என்று உள்ளூர் ஹோமியோபதி டாக்டர் ஒருவர் சவால் விட்டிருந்தார். ஊர்க்காரர்கள் ஒரு விடுதியில் கூடி 100 குப்பிகளை எண்ணிட்டு வைத்தார்கள். பாதியில் உப்பு மருந்து. பாதியில் பனியை உருக்கிக் காய்ச்சி வடித்த தண்ணீர். எதில் எது என்ற பட்டியல் முத்திரையிட்ட உறைக்குள். கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. சில வாரம் கழித்து விசாரித்தால், 'ஏதோ செய்தது' என்றவர்கள் எட்டே பேர். ஐந்து பேர் குடித்தது மருந்து, மூன்று பேர் குடித்தது தண்ணீர். அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. 89 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 1997-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, பலன் முழுவதையும் பிளாசிபோ, அதாவது நம்பிக்கை தரும் தெம்பு, என்று தள்ளிவிட முடியாது என்றது. ஆனால் அதே ஆய்வாளர்கள் இரண்டு வருடம் கழித்து அலசியபோது, சோதனை எவ்வளவு கறாராக நடந்ததோ அவ்வளவுக்குப் பலன் சுருங்கியிருந்தது. 2015-ல் 176 ஆய்வுகளைப் பரிசீலித்த ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், எந்த நோய்க்கும் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது.

அப்படியென்றால் மாமியாருக்குக் கேட்பது எது? இங்கிலாந்தில் முடக்குவாத நோயாளிகள் 83 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. ஹோமியோபதி டாக்டர் உட்காரவைத்து விரிவாக விசாரித்தவர்களுக்கு வலி குறைந்தது. அவர்கள் சாப்பிட்டது மருந்தா, வெறும் உருண்டையா என்பதால் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர்கள் யாரும் வழக்கமான சிகிச்சையை விட்டுவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே மாமியார் தன் ஹோமியோபதி டாக்டரிடம் போய் மனம்விட்டுப் பேசிவிட்டு வரட்டும். பிரஷர் மாத்திரையை நிறுத்து என்று அவர் சொன்னால் மட்டும், மறுநாள் காலையில் நான் அங்கே நிற்பேன்.