தூரிகை அறிந்து சுவர் தீட்டுவோம்

தீபாவளியும் தைப்பொங்கலும் அண்மிக்கும்போது ஊவாவின் தமிழ் இல்லங்களில் சுவர் வெளுக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. பதுளைத் தோட்டத்து லயன் அறையாயினும், மொனராகலை நகரத்துக் கல்வீடாயினும் இவ்வழக்கம் ஒன்றே. தீந்தையின் நிறத்தைப் பற்றிக் குடும்பத்தோடு கூடி ஆலோசிக்கும் நாம், தூரிகையை மட்டும் கடைக்காரர் எடுத்துத் தந்தபடியே வாங்கி வருகிறோம். பூச்சின் அழகில் பாதி தூரிகையைப் பொறுத்தது. தூரிகையின் ஆயுளோ நம் கையில் உள்ளது.

எதற்கு எது?

முன்னோர் தேங்காய் மட்டையின் நுனியை நசுக்கி, நாரைப் பிரித்துச் சுண்ணாம்பு பூசினர். இது சிக்கனம் மட்டுமன்று, பொருத்தமும் ஆகும். தோல் பதனிடுவோர் மயிரை நீக்குவதற்குத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பர் அல்லவா? அச்சுண்ணாம்பு தூரிகையின் மயிரையும் அரித்துவிடும், நாரோ தாக்குப்பிடிக்கும்.

கதவு, சன்னல்களுக்குரிய எனாமலுக்குப் பன்றிமயிர்த் தூரிகை உகந்தது. அம்மயிரின் நுனி இயல்பாகவே பிளவுபட்டிருப்பதால் தீந்தையை நிறையத் தாங்கிச் சீராகப் பரப்பும். ஆனால் அது நீரை உறிஞ்சித் துவண்டுவிடும். எனவே, நீர் கலக்கும் இமல்ஷனுக்கு நைலோன் அல்லது பொலியெஸ்டர் இழையே ஏற்றது. நைலோன் இழை 1938இல் அமெரிக்காவில் பற்தூரிகையாகவே முதலில் விற்பனைக்கு வந்தது என்பதை மாணவர் அறிந்துகொள்ளலாம்.

வாங்குமுன் தூரிகையை உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். மயிர் மிகுதியாக உதிர்ந்தால் அதனை விட்டுவிடுங்கள்.

அகன்ற சுவருக்கு ரோலர் விரைவானது. கனடா நாட்டவரான நோர்மன் பிரேக்கி 1940இல் இதனை உருவாக்கினார் என்பர். வழுவழுப்பான சுவருக்குக் கால் அங்குல இழையுள்ள ரோலர் போதும். பழைய லயன்களின் கரடுமுரடான சுவருக்கு முக்கால் அங்குல இழை வேண்டும்; குறுகிய இழை பள்ளங்களை எட்டாது.

பேணும் முறை

தூரிகையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீந்தையில் தோய்த்தல் ஆகாது. அடிவரை ஏறிய தீந்தை உள்ளே இறுகி, மயிரை விரித்துவிடும். வேலை முடிந்ததும், உலருமுன்பே கழுவுதல் இன்றியமையாதது. இமல்ஷனுக்குச் சவர்க்காரமும் நீரும் போதும். எனாமலை அடுப்பிற்கு அப்பால் வைத்து மண்ணெண்ணெயில் அலசி, பின் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். அம்மண்ணெண்ணெயை மூடிய போத்தலில் ஓரிரு நாள் அசையாது வைத்தால் தீந்தை அடியில் படியும். மேல் நிற்பதை வடித்து மீண்டும் பயன்படுத்தலாம்.

இவ்விரு பண்டிகைகளும் ஊவாவின் மழைக்காலத்தையொட்டியே வருகின்றன. ஈரத்தோடு மூடிவைத்த தூரிகை பூஞ்சணம் பிடிக்கும். ஆதலால் அதனை மயிர் கீழ்நோக்கக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு, நன்கு உலர்ந்தபின் காகிதத்தில் சுற்றிவையுங்கள்.

பீலியை மறவாதீர்!

பல குடும்பங்கள் குடிநீர் எடுக்கும் பீலியடியிலோ, கிணற்றோரத்திலோ, ஓடையிலோ தூரிகையைக் கழுவுதல் பெருந்தவறு. முதலில் பழைய பத்திரிகைத் தாளில் தீந்தையைத் துடைத்தெடுங்கள். பின்னர் வாளியில் கழுவி, அந்நீரை நீர்நிலைக்குத் தொலைவான மண்ணில் ஊற்றுங்கள். மண்ணெண்ணெய்க் கசட்டை எங்கும் ஊற்றாது, வெளியில் உலரவிட்டுக் குப்பையோடு சேர்க்கவேண்டும்.

நம் வீட்டுச் சுவர் பொலிவுறுவதற்காக அயலவர் அருந்தும் நீர் மாசடையலாகாது. அண்டை வீட்டாருக்கும் தீங்கின்றி முடியும் வேலையே பண்டிகைக்கு அழகு தரும்.