வெள்ளை கோட்டைப் பார்த்ததுமே அழுகை... குழந்தைக்குப் பயம் ஒட்டிக்கொள்வது எப்படி?

கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சில குழந்தைகள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். டாக்டர் இன்னும் தொடவில்லை. ஊசி கண்ணிலேயே படவில்லை. அந்த மருந்து வாசனையும் வெள்ளை கோட்டுமே போதும். 'என்ன பிடிவாதம் பாரு' என்று நாம் அதட்டுவோம். ஆனால், அது குழந்தையின் உடம்பு தானாகவே கற்றுக்கொண்ட ஒரு பாடம். உளவியலில் இதற்கு 'கிளாசிக்கல் கண்டிஷனிங்' என்று பெயர்.

நாயின் எச்சில் சொன்ன சேதி

செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர், ரஷ்யாவைச் சேர்ந்த இவான் பாவ்லோவ். நாய்களுக்கு எவ்வளவு எச்சில் சுரக்கிறது என்று அளந்துகொண்டிருந்தபோது, ஒரு விஷயம் அவர் கவனத்தை ஈர்த்தது. உணவு வாய்க்கு வருவதற்கு முன்பே நாய்களுக்கு எச்சில் ஊறியது!

இதைச் சோதிக்க, 'டிக்... டிக்...' என்று ஒலிக்கும் மெட்ரோனோம் கருவியை எடுத்துக்கொண்டார். ஆரம்பத்தில் அந்தச் சத்தத்துக்கு எச்சில் ஊறவில்லை. சத்தம் கேட்டதும் உணவு என்று பலமுறை கொடுத்த பிறகு, வெறும் சத்தத்துக்கே எச்சில் ஊறியது. 'இது வந்தால், அடுத்து அது வரும்' என்பதுதான் நாய் கற்ற பாடம். ஊசி குத்தும்போது அழுவது பிறவியிலேயே வருவது. வலிக்கு முன்னால் வந்த கோட்டைப் பார்த்து அழுவது, கற்றது.

பயத்தைக் கற்பித்தார்கள்

1920-ல் அமெரிக்காவின் ஜான் வாட்சனும் ரோஸாலி ரேய்னரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 'ஆல்பர்ட்' என்று அவர்கள் குறிப்பிட்ட 11 மாதக் குழந்தை, வெள்ளை எலியைப் பார்த்து முதலில் பயப்படவில்லை. எலியைத் தொடும்போதெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். சில முறைகளிலேயே, எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. பிறகு முயல், நாய், ரோம கோட் என்று பயம் பரவியது. அந்தப் பயத்தைப் போக்காமலே சோதனை முடிந்துவிட்டது. இன்றைய விதிகளின்படி இப்படியொரு சோதனைக்கு அனுமதி கிடைக்காது.

பயத்தைக் கழற்றினார் ஒரு பெண்

கற்ற பயத்தை மறக்கவைக்க முடியுமா? 1924-ல் அதற்கு விடை தந்தவர் மேரி கவர் ஜோன்ஸ். முயலுக்குப் பயந்த மூன்று வயதுகூட நிறையாத பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, கூண்டில் இருந்த முயலைத் தூரத்தில் வைத்தார். அவன் நிம்மதியாகச் சாப்பிடும் அளவுக்கு மட்டுமே, கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். பயமில்லாமல் முயலோடு விளையாடும் பிள்ளைகளையும் அவன் பார்க்கவைத்தார். கடைசியில், தன் விரல்களை முயல் செல்லமாகக் கடிக்கும் அளவுக்கு பீட்டர் அதோடு நெருங்கிவிட்டான்.

இதில் ஓர் எச்சரிக்கையும் செய்தார் மேரி. அவசரப்பட்டால், முயல் மீதான பயம் போவதற்குப் பதில் சாப்பாட்டின் மீதே பயம் வந்துவிடலாம்!

வீட்டில் என்ன செய்யலாம்?

* 'சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போட்டுடுவார்' என்று மிரட்டாதீர்கள். டாக்டரையும் வலியையும் நாமே ஜோடி சேர்க்கிறோம்.

* 'வலிக்கவே வலிக்காது' என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த முறை அந்த வார்த்தையே பயத்தின் மணியாகிவிடும். 'கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் போயிடும்' என்பதே நல்லது.

* பொம்மை ஸ்டெதாஸ்கோப் வைத்து வீட்டில் விளையாடவிடுங்கள். ஊசி இல்லாத நாளில், கிளினிக் வாசல்வரை ஜாலியாகப் போய்விட்டு வாருங்கள்.

* அழும் குழந்தையைப் பிடித்து இழுத்துப்போகாதீர்கள். எந்தத் தூரத்தில் இயல்பாக இருக்கிறதோ, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

* போன பயம் திரும்ப வந்தால் சோர்ந்துபோகாதீர்கள். உணவு தராமல் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தபோது, பாவ்லோவின் நாய்களுக்கு எச்சில் ஊறுவது நின்றது. சற்று இடைவெளிவிட்டுச் சோதித்தால் மீண்டும் ஊறியது. பழைய பாடம் அவ்வளவு லேசில் அழியாது, பொறுமையாகத் தொடருங்கள்.

பயத்தால் தூக்கமோ, சாப்பாடோ, பள்ளிக்குப் போவதோ பாதிக்கப்பட்டால், குழந்தைகள் நல மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ தயங்காமல் பேசுங்கள்.