மறுசுழற்சிப் படலத்துக்குக் காப்புரிமை: ஆய்வாளர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்ப்பதில்லை?

காபித்தூள் பாக்கெட்டின் ஓரத்தை நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தால் கோடு கோடாக அடுக்குகள் தெரியும். வெளியே சுமார் 12 மைக்ரான் தடிமனில் ‘பெட்’ எனப்படும் பாலியெஸ்டர். அச்சு அதன் உள்பக்கத்தில் இருப்பதால்தான் எவ்வளவு தேய்த்தாலும் எழுத்து அழிவதில்லை. நடுவில் அலுமினியத் தாள், அல்லது அலுமினிய ஆவி படிந்த இன்னொரு பாலியெஸ்டர். தூளைத் தொடும் பக்கம் பாலிஎத்திலீன். இடையிடையே பசை. பெட் விறைப்பும் பளபளப்பும் தருகிறது. அலுமினியம் காற்று, ஈரம், வெளிச்சம் மூன்றையும் தடுக்கிறது. பாலிஎத்திலீன் சூடு பட்டதும் இளகி ஒட்டி வாயை மூடுகிறது.

கடையில் மாதக்கணக்கில் தாங்கும் இந்தச் சேர்க்கைதான் குப்பையில் போனதும் தொல்லையாகிறது. பாலிஎத்திலீன் 110 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். பெட் உருக ஏறத்தாழ 250 டிகிரி வேண்டும். இரண்டையும் சேர்த்து உருக்கினால் ஒன்று கருகும், அல்லது மற்றது உருகாத துகளாக நிற்கும். உருகினாலும் இரண்டும் கலக்காது. பழைய பேப்பர் கடைக்காரர் பால் கவரை எடைக்கு எடுத்துக்கொண்டு சிப்ஸ் பாக்கெட்டைத் திருப்பித் தருவதற்குக் காரணம் இதுதான். சாஷே பாக்கெட்டைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோனதில் கடலூர் சின்னி கிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தச் சாஷேக்கள் இன்று கடைசியில் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று அரியலூர்ப் பகுதி சிமென்ட் ஆலைகளின் சூளை.

எனவே உலகெங்கும் பேக்கேஜிங் நிறுவனங்கள் ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் எல்லா அடுக்குகளையும் செய்யப் பார்க்கின்றன. வெளியேயும் பாலிஎத்திலீன், உள்ளேயும் பாலிஎத்திலீன், நடுவில் ஆக்சிஜனைத் தடுக்க ஈவிஓஎச் என்ற பொருள் மெல்லிசாக. ஐரோப்பாவின் ‘செஃப்லெக்ஸ்’ கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மொத்த எடையில் குறைந்தது 90 விழுக்காடு ஒரே வகைப் பிளாஸ்டிக்காகவும் தடுப்பு அடுக்கு 5 விழுக்காட்டுக்கு மிகாமலும் இருக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பேக்கேஜிங் ஒழுங்குமுறை 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2030-க்குள் சந்தையில் உள்ள பேக்கேஜிங் எல்லாம் மறுசுழற்சிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. இந்த நெருக்கடியில்தான் காப்புரிமை விண்ணப்பங்கள் குவிகின்றன. அவற்றில் ஒரு பகுதி இந்தியாவுக்கும் வருகிறது. கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை கிண்டி ஆகிய நான்கு இடங்களில் நம் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது.

விண்ணப்பம் போட்ட உடனே யாரும் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. 18 மாதங்கள் கழித்து அது பொதுவில் வெளியாகும். ஆய்வு செய்யச் சொல்லி விண்ணப்பதாரர் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பு 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச்சில் விதிகளைத் திருத்தி 31 மாதமாகக் குறைத்தார்கள். அதன்பிறகே கோப்பு ஓர் ஆய்வாளரின் மேசைக்குப் போகும்.

அங்கே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு விண்ணப்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் முதல் உரிமைக்கோரல் இப்படி இருக்கிறது: “இழுத்து நீட்டிய பாலிஎத்திலீனால் ஆன வெளி அடுக்கும், ஈவிஓஎச் தடுப்பு அடுக்கும், பாலிஎத்திலீன் சீல் அடுக்கும் கொண்ட, மறுசுழற்சி செய்யத்தக்க பேக்கேஜிங் படலம்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆய்வாளர் இதை அப்படியே ஏற்கமாட்டார்.

அவர் முதலில் தேடுவார். உலகக் காப்புரிமை ஆவணங்கள் எல்லாம் பொருள்வாரியாகக் குறியீடு இட்டு அடுக்கப்பட்டவை. அடுக்குப் பொருள்களுக்கு ‘பி32பி’, பேக்கேஜிங் பொருள்களுக்கு ‘பி65டி’. அந்த அறைகளில் தேடினால் இதே மூன்று அடுக்குகள் ஏதாவதொரு பழைய ஆவணத்தில் ஒன்றாக அகப்படக்கூடும். அகப்பட்டால் புதுமை இல்லை என்று கோரிக்கை அங்கேயே விழுந்துவிடும். ஈவிஓஎச் ஒன்றும் நேற்று வந்த சரக்கு கிடையாது. ஜப்பானின் குராரே நிறுவனம் 1972-லேயே அதைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஈரம் பட்டால் அதன் தடுப்புத்திறன் குறையும், ஆகவே இரண்டு பாலிஎத்திலீன் அடுக்குகளுக்கு நடுவே பொத்திவைக்க வேண்டும் என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த பால பாடம்.

ஒரே ஆவணத்தில் எல்லாம் இல்லை, ஒன்றில் நீட்டிய வெளி அடுக்கும் இன்னொன்றில் ஈவிஓஎச்சும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் உண்மையான விவாதம் தொடங்குகிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970, பிரிவு 2(1)(ஜேஏ) கண்டுபிடிப்புக்கு இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது. ஏற்கெனவே உள்ள அறிவைவிட அதில் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும். அத்துடன், அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு அது சுலபமாகத் தோன்றக்கூடியதாக இருக்கக் கூடாது. பித்தளைப் பாத்திரம் செய்யும் முறை தொடர்பான பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் வழக்கில் 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் அளவுகோல்: வெறும் பட்டறை அளவிலான மேம்பாட்டைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. இரண்டு ஆவணங்களையும் மேசையில் வைத்தால் ஒரு பேக்கேஜிங் பொறியாளர் தானாகவே இரண்டையும் சேர்த்துவிடுவார் என்றால் அது பட்டறை வேலைதான்.

விண்ணப்பதாரர் இங்கே என்ன சொல்லித் தப்பிப்பார்? நல்ல வழக்கறிஞர் வைத்திருந்தால் ஆலைக்குள் அழைத்துப்போவார். பாக்கெட்டில் தூளை நிரப்பி மூடும் இயந்திரத்தில் இரண்டு சூடான இரும்புத் தாடைகள் படலத்தை இரண்டு பக்கமும் அழுத்தும். பழைய பாக்கெட்டில் வெளி அடுக்கு பெட். தாடையின் சூடு அதை ஒன்றும் செய்யாது, உள்ளே உள்ள பாலிஎத்திலீன் மட்டும் இளகும். இரண்டு பக்கமும் பாலிஎத்திலீன் என்றால் வெளி அடுக்கும் இளகித் தாடையில் ஒட்டிக்கொள்ளும், அல்லது சுருங்கிச் சுருக்கம் விழும். இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும். நிமிடத்துக்கு எத்தனை பாக்கெட் என்பதுதான் ஆலையின் வரவு செலவு. அடுக்கு அடுக்காகப் பிளாஸ்டிக் வைப்பது பெரிய விஷயமே இல்லை. வெளி அடுக்கு உருகும் வெப்பத்துக்கும் உள் அடுக்கு ஒட்டத் தொடங்கும் வெப்பத்துக்கும் நடுவே போதிய இடைவெளி உண்டாக்குவதில்தான் இந்தத் துறையின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. வெளியே அடர்த்தி கூடிய பாலிஎத்திலீனைச் சூடான உருளைகளில் பல மடங்கு இழுத்து நீட்டுகிறார்கள். உள்ளே குறைந்த சூட்டிலேயே ஒட்டும் வகையை வைக்கிறார்கள். எந்த வகை, என்ன அடர்த்தி, எத்தனை மைக்ரான், எத்தனை மடங்கு நீட்டல் என்ற எண்களில் யாரும் எதிர்பாராத ஒரு சேர்க்கை வேலை செய்ததாகக் காட்ட முடிந்தால், அங்கே கண்டுபிடிப்பு இருக்கிறது.

காட்டுவது என்றால் வாயால் சொன்னால் போதாது. சட்டத்தின் 3(இ) பிரிவு, வெறுமனே கலந்து பாகங்களின் குணங்கள் ஒன்றுசேர்ந்ததாக மட்டும் அமைந்த பொருளுக்குக் காப்புரிமை தராது. ஆகவே பாலிஎத்திலீன் கலவைகளுக்கு ‘தனித்தனியாக இருப்பதைவிடச் சேர்ந்தபோது என்ன கூடுதலாகக் கிடைத்தது?’ என்ற கேள்வி வரும். ஒப்பீட்டுச் சோதனை அட்டவணை வேண்டும். விண்ணப்பம் போட்ட பிறகு புதிய விஷயத்தைச் சேர்க்க 59-ஆவது பிரிவு இடம்தராது என்பதால், சோதனையை முன்கூட்டியே செய்து எழுதிவைக்காதவர்கள் இந்த இடத்தில் விழி பிதுங்குவதைப் பார்க்கலாம்.

எண்களிலும் பிடி இருக்கிறது. ‘ஆக்சிஜன் ஊடுருவல் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 1 சிசிக்குக் குறைவு’ என்று எழுதினால் ஆய்வாளர் கேட்பார்: எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரப்பதத்தில்? வறண்ட காற்றில் அளந்த ஈவிஓஎச்சும் மழைக்காலக் காற்றில் அளந்த ஈவிஓஎச்சும் வெவ்வேறு பொருள்கள் போல நடந்துகொள்ளும். அளந்த நிலைமையைச் சொல்லாத எண்ணுக்குப் பொருளே இல்லை.

இப்போது அந்தக் கோரிக்கையில் மிச்சமிருக்கும் ஒரு சொல்லுக்கு வருவோம்: ‘மறுசுழற்சி செய்யத்தக்க’. விண்ணப்பத்தின் தலைப்பில் இதுதான் பெரிதாக இருக்கும். விளம்பரத்திலும் இதுதான் வரும். ஆய்வில் மிகக் குறைந்த எடை இதற்குத்தான். அது அடைய விரும்பும் பலனைச் சொல்கிறதே தவிர, படலம் எதனால் ஆனது என்பதைச் சொல்லவில்லை. எங்கே, எந்த ஆலையில், மை, பசையோடு சேர்த்தா என்ற கேள்விகளுக்கும் அதில் பதில் இல்லை. தெளிவில்லை என்று ஆய்வாளர் எழுதினால், விண்ணப்பதாரர் ‘பாலிஎத்திலீன் குறைந்தது 90 விழுக்காடு, ஈவிஓஎச் 5 விழுக்காட்டுக்குள்’ என்று எண்ணாக மாற்ற வேண்டியிருக்கும். அந்த எண்களும் செஃப்லெக்ஸ் வழிகாட்டுதலில் அச்சாகி எல்லோர் கையிலும் இருப்பவையே. அவற்றைக் கடைப்பிடித்ததற்காக மட்டும் யாருக்கும் காப்புரிமை கிடைத்துவிடாது.

ஆய்வாளர் எழுப்பும் ஆட்சேபங்கள் முதல் ஆய்வறிக்கையாக வரும். பதில் சொல்ல ஆறு மாதம், கேட்டால் இன்னும் மூன்று மாதம். பெரும்பாலும் கோரிக்கை சுருங்கும். ‘எந்தப் பாலிஎத்திலீனும்’ என்று தொடங்கியது ‘இன்ன அடர்த்திக்கும் இன்ன அடர்த்திக்கும் இடைப்பட்டது’ என்று முடியும். பிறகு நேர்முக விசாரணை, அதன்பின் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளரின் உத்தரவு. மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். 2021-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்டது முதல், சென்னை அலுவலக உத்தரவுகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போகின்றன. தந்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு.

இவ்வளவும் முடிந்து சான்றிதழ் கைக்கு வந்தாலும், அந்தப் படலம் மறுசுழற்சி ஆகிறது என்று அரசு சொன்னதாகப் பொருள் இல்லை. ஆய்வாளரிடம் உருக்கும் உலையும் இல்லை, குப்பைக் கிடங்கும் இல்லை. அவர் பார்த்தது புதுமையும் கண்டுபிடிப்புத் திறனும் விளக்கத்தின் தெளிவும். சட்டம் அவரிடம் அவ்வளவுதான் கேட்கிறது, அதுவே சரி என்றும் நினைக்கிறேன். ‘காப்புரிமை பெற்ற பசுமைப் பாக்கெட்’ என்று அச்சிட்டு விற்பவர்கள்தான் காப்புரிமையையும் மறுசுழற்சியையும் முடிச்சுப் போடுகிறார்கள்.

மறுசுழற்சி நடக்குமா என்பதை வேறு விதிகள் தீர்மானிக்கின்றன. அங்கே நிலைமை அவ்வளவு திருப்தியாக இல்லை. 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டுகளில் ஒழிக்கச் சொன்னன. 2018-இல் அந்த வாசகம் தளர்ந்தது. எரித்து ஆற்றல் எடுக்க முடிந்தாலோ மாற்றுப் பயன்பாடு இருந்தாலோ போதும் என்றாகிவிட்டது. ஏறக்குறைய எந்தப் பிளாஸ்டிக்தான் எரியாது? 2022-இல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்கள் இன்னொரு விசித்திரம். அவற்றின்படி பிளாஸ்டிக்கோடு அலுமினியமோ காகிதமோ சேர்ந்த பேக்கேஜிங் மூன்றாம் வகை. பெட்டும் பாலிஎத்திலீனும் ஒட்டிய, எளிதில் பிரிக்கவே முடியாத படலம், ஒற்றை அடுக்குக் கேரி பேக்கோடு சேர்ந்து இரண்டாம் வகை. கஷ்டப்பட்டு எல்லா அடுக்கையும் பாலிஎத்திலீனாக மாற்றியவருக்கும் மாற்றாதவருக்கும் அந்த வகைப்பாட்டில் ஒரே பெட்டிதான்.

கோல்கேட் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த பற்பசை டியூப்பை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அலுமினியம் கலந்த டியூப்புக்குப் பதில், பால் கேன் செய்யும் அதே அடர் பாலிஎத்திலீனை வெவ்வேறு ரகங்களில் மெல்லிய அடுக்குகளாக்கிச் செய்தார்கள். அமெரிக்காவின் பிளாஸ்டிக் மறுசுழற்சியாளர் சங்கம் சோதித்து ஏற்றது. தொழில்நுட்பத்தைப் போட்டி நிறுவனங்களோடும் பகிர்ந்துகொள்வதாக நிறுவனம் அறிவித்தது. சந்தையில் பெரும்பாலான டியூப்கள் ஒரே வகையாக மாறினால்தான் மறுசுழற்சி ஆலைகள் நம்பி எடுக்கும் என்ற கணக்கு அது. ஒருவர் மட்டும் வைத்திருந்து பயனில்லாத சில தொழில்நுட்பங்களும் உண்டு.

எந்தப் பாக்கெட்டிலாவது காப்புரிமை எண்ணைப் பார்த்தால் காப்புரிமை அலுவலக இணையதளத்தின் ‘இன்பாஸ்’ தேடலில் அதை இட்டுப் பாருங்கள். கட்டணம் கிடையாது. விண்ணப்பம், முதல் ஆய்வறிக்கை, அதற்கு வந்த பதில், கடைசி உத்தரவு என எல்லாம் அங்கே கிடைக்கும். முதலில் கேட்டது என்ன, கடைசியில் கிடைத்தது என்ன என்று இரண்டு கோரிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இன்னும் காப்புரிமை தரப்படாத விண்ணப்பம் என்றால், பிரிவு 25(1)-இன் கீழ் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனுக் கொடுக்கலாம். முன்பு அதற்குக் கட்டணம் இல்லை. 2024 திருத்தத்துக்குப் பிறகு உண்டு.