விடை தெரிந்த வானம்: வான் அளக்கை மென்பொருட் சோதனையில் பாவனைப் படங்கள்

ஆய்வுச்சுருக்கம்

தொலைநோக்கிப் படங்களிலிருந்து விண்மீன்களையும் விண்மீன் திரள்களையும் அளந்து பட்டியலிடும் மென்பொருள் சரியாக அளக்கிறதா என்பதை உண்மை வானத்தைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. அந்த வானத்தின் சரியான விடை எவரிடமும் இல்லை. எனவே விடை முன்கூட்டியே தெரிந்த செயற்கை வானம் ஒன்று கணினியில் உருவாக்கப்படுகிறது. சிலி நாட்டின் ரூபின் வானாய்வகத்திற்காகச் செய்யப்பட்ட பாவனையாக்கத்தையும், கரும் ஆற்றல் அளக்கையில் பாவனைப் படங்கள் வெளிப்படுத்திய பிழையையும் எடுத்துக்காட்டுகளாகக் கொண்டு, இத்தகைய படங்கள் உருவாகும் முறையையும் அவற்றின் நம்பகத்தன்மையின் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வான் அளக்கை, பாவனைப் படம், ஒளியன், ஈர்ப்பு வில்லை விளைவு, முறைசார் பிழை

அளக்கையும் மென்பொருளும்

சிலியின் செர்ரோ பச்சோன் மலைமீது அமைந்துள்ள வேரா ரூபின் வானாய்வகம், தன் முதற் படங்களை 2025 ஜூன் 23 அன்று வெளியிட்டது. 8.4 மீட்டர் விட்டமுள்ள முதன்மை ஆடி, 320 கோடி படப்புள்ளிகளைக் கொண்ட ஒளிப்படக்கருவி, ஒரே படத்தில் 9.6 சதுர பாகை வானம் என்பன இதன் அடிப்படை அளவுகள். முழுநிலவுகள் நாற்பதுக்கு மேல் அடங்கும் பரப்பு இது. பத்தாண்டுகளில் தென்வானத்தின் ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ 800 முறை படமெடுக்கப்படும். சுமார் 2000 கோடி விண்மீன் திரள்கள் பட்டியலில் சேரும் என எதிர்பார்க்கப்படுகிறது.

இவ்வளவு பெரிய தொகுதியை மனிதக் கண் சரிபார்க்க வழியில்லை. படத்தைத் தூய்மையாக்குவது, பொருள்களை இனங்காண்பது, அவற்றின் ஒளிர்வையும் வடிவத்தையும் அளப்பது ஆகிய அனைத்தையும் மென்பொருளே செய்கிறது. மென்பொருள் ஒரு திரளின் ஒளிர்வை நூற்றில் ஒரு பங்கு குறைத்து அளந்தாலும் தனிப்பட்ட படத்தில் அது புலப்படாது. தற்செயல் பிழையாயின் கோடிக்கணக்கான அளவீடுகளின் சராசரியில் கரைந்துவிடும். முறைசார் பிழை அவ்வாறு கரைவதில்லை. தரவு பெருகப் பெருக, தவறான விடை மேலும் உறுதியான தோற்றம் பெறும். பெரிய அளக்கைகளுக்குப் பாவனைப் படங்கள் இன்றியமையாதவையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஒளியனின் வழித்தடம்

பாவனையாக்கம் ஒரு பட்டியலிலிருந்து தொடங்குகிறது. எந்த இடத்தில், எவ்வளவு தொலைவில், எவ்வளவு ஒளிர்வுடன், எந்த வடிவில் ஒரு பொருள் இருக்கிறது என்பதைக் கூறும் 'உண்மைப் பட்டியல்' அது. ரூபின் தரவைக் கொண்டு கரும் ஆற்றலை ஆராயும் கூட்டமைப்பு, 'தரவுச் சவால் 2' என்னும் திட்டத்திற்கு இப்பட்டியலை 'அவுட்டர் ரிம்' என்னும் பேரண்டப் பாவனையிலிருந்து பெற்றது. ஓர் இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட துகள்கள் ஈர்ப்பின்கீழ் எவ்வாறு திரளும் என்பதைக் கணித்த பாவனை அது. அதில் உருவான கரும்பொருள் திரட்சிகளில் விண்மீன் திரள்கள் பொருத்தப்பட்டன. படமாக்கப்பட்ட வானம் 300 சதுர பாகை. ஐந்தாண்டு அளக்கைக்கு நிகரான படங்கள் அதற்கு உருவாக்கப்பட்டன.

பட்டியலிலிருந்து படத்திற்குச் செல்லும் வழியில்தான் நுட்பம் மிகுதி. பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜான் பீட்டர்சன் குழுவினர் உருவாக்கிய ஃபோசிம், ஒளியன்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்கிறது. ஒளியன் ஒன்று வளிமண்டலத்தின் பல அடுக்குகளைக் கடக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் காற்றோடு நகரும் கொந்தளிப்புத் திரையாகக் கருதப்படுகிறது. பின்னர் மூன்று ஆடிகள், ஒளிவடிப்பான், வில்லைகள் வழியாகச் சென்று சிலிக்கான் உணரியில் விழுகிறது. கால்சிம் என்னும் திறந்த மூல நிரலகத்தின்மேல் கட்டப்பட்ட இம்சிம், இதே வழியைச் சில சுருக்கங்களுடன் கடக்கிறது. தரவுச் சவால் 2-இன் இறுதிப் படங்களை உருவாக்கியது இம்சிம்மே. எல்லா ஒளியன்களையும் தனித்தனியே எய்வதற்குக் கணினி நேரம் போதாது. ஆகவே மிக ஒளிமிக்க விண்மீன்களுக்குக் கணிதவழிக் குறுக்குப்பாதை கையாளப்படுகிறது. அவை எப்படியும் உணரியை நிறைத்துவிடுவதால் இழப்பு பெரிதன்று.

உணரிக்குள் நடப்பது தனிக் கவனத்திற்குரியது. ரூபின் கருவியின் 189 சிசிடி உணரிகளும் 100 மைக்ரோமீட்டர் தடிமன் கொண்டவை. படப்புள்ளியின் அகலமோ 10 மைக்ரோமீட்டர். அகலத்தைப்போல் பத்து மடங்கு ஆழமுள்ள கிணறு என இதனைக் கருதலாம். ஒளியன் விடுவித்த எலெக்ட்ரான் அக்கிணற்றின் அடிவரை இறங்கவேண்டும். அடியில் ஏற்கெனவே எலெக்ட்ரான்கள் குவிந்திருந்தால் அவற்றின் மின்புலம் புதிதாக வருவதை அண்டைப் படப்புள்ளிக்குத் தள்ளுகிறது. விளைவாக, ஒளிமிக்க விண்மீன் மங்கலான விண்மீனைவிடச் சற்றே பருத்துத் தோன்றும்.

வளிமண்டலமும் கருவியும் சேர்ந்து படத்தை எவ்வளவு மங்கச் செய்கின்றன என்பதை மென்பொருள் ஒளிமிக்க விண்மீன்களைக் கொண்டே கணிக்கிறது. அக்கணிப்பை மங்கலான விண்மீன் திரள்களின்மேல் பொருத்தும்போது மங்கலின் அளவு மிகையாகி, திரளின் வடிவம் தவறாகத் திருத்தப்படுகிறது. எளிய மின்னிலையியல் விளைவு இது. எனினும் பேரண்டவியல் முடிவையே அசைக்க வல்லது. பாவனையில் இதனைச் சேர்த்தும் நீக்கியும் பார்க்கலாம். இயற்கையில் அத்தகைய விசைமாற்றி இல்லை.

இரைச்சலின் அளவையும் ஒரு கணக்கால் உணரலாம். 30 விநாடிப் படமொன்றில் வானப் பின்னணி படப்புள்ளிக்கு 900 எலெக்ட்ரான்கள் எனக் கொள்க. மங்கலான திரள் ஒன்று 50 படப்புள்ளிகளில் பரவி, மொத்தம் 1,600 எலெக்ட்ரான்களைத் தருகிறது. அதே பரப்பில் பின்னணி 45,000. ஒளியன்களின் வருகை பாய்சான் பரவலைப் பின்பற்றுவதால் ஏற்ற இறக்கம் மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம், அதாவது சுமார் 216. குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஏழரைக்குச் சற்றுக் குறைவு. பொருள் இருக்கிறது என்று கூற இது போதும். அதன் வடிவத்தைப் பற்றி உறுதியாக எதுவும் கூறப் போதாது. அளக்கையின் பட்டியலில் இடம்பெறும் திரள்களுள் பெரும்பாலானவை இந்த எல்லைக்கு அருகில் நிற்பவையே.

இரண்டு விழுக்காட்டின் எடை

பாவனைப் படங்கள் எதைக் காப்பாற்றுகின்றன என்பதற்குக் கரும் ஆற்றல் அளக்கை தெளிவான சான்று. சிலியின் செர்ரோ டோலோலோவில் உள்ள 4 மீட்டர் பிளாங்கோ தொலைநோக்கியைக் கொண்டு, 2013 முதல் 2019 வரை ஏறத்தாழ 5,000 சதுர பாகை வானத்தை அது படமெடுத்தது. இடைப்பட்ட கரும்பொருள், தொலைவிலுள்ள திரள்களின் ஒளியை வளைத்து அவற்றின் வடிவத்தை மிகச் சிறிதளவு, பொதுவாக நூற்றில் ஒரு பங்கு, திரிக்கிறது. கோடிக்கணக்கான திரள்களில் அத்திரிபை அளந்து பேரண்டத்தின் பொருட்செறிவு கணிக்கப்படுகிறது.

முதல் மூன்றாண்டுத் தரவுக்கென உருவாக்கப்பட்ட பாவனைப் படங்களில் திரிபின் அளவு முன்னரே தெரியும். அப்படங்களை அளந்த மென்பொருள், உள்ளிட்ட திரிபைவிடச் சராசரியாக ஏறத்தாழ 2 விழுக்காடு குறைவான விடையைத் தந்தது. பாவனையின் கூறுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தபோது முதன்மைக் காரணம் வெளிப்பட்டது: திரள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தோன்றுதல். 2022-இல் வெளியான அவ்வாய்வு இதன் நுண்ணிய பக்கத்தையும் காட்டியது. ஒன்றாகப் படிந்து தோன்றும் இரு திரள்கள் வெவ்வேறு தொலைவுகளில் இருக்கலாம். அவை பெறும் திரிபும் வெவ்வேறானது. மென்பொருள் 'ஒரு பொருள்' என அளப்பது உண்மையில் இரண்டு தொலைவுகளின் கலவை. எனவே வடிவத்தைத் தனியாகவும் தொலைவைத் தனியாகவும் திருத்துவது போதாது. இரண்டையும் ஒரே பாவனையில் சேர்த்தே திருத்தவேண்டும்.

2 விழுக்காடு சிறிது எனத் தோன்றலாம். ஆனால் திரிபு குறைவாக அளக்கப்பட்டால் பொருட்செறிவும் ஏறத்தாழ அதே அளவில் குறைவாகக் கணிக்கப்படும். பிளாங்க் செயற்கைக்கோளின் தரவு தரும் மதிப்பைவிட வில்லை அளக்கைகள் தரும் மதிப்பு சில விழுக்காடு குறைவாக அமைவது பல்லாண்டுகளாக விவாதிக்கப்படும் ஒன்று. திருத்தப்படாத பிழையும் அதே திசையில் அமைந்திருப்பதைக் கருதினால், புதிய இயற்பியலையும் மென்பொருளின் குறைபாட்டையும் பிரித்தறியும் பொறுப்பு இப்படங்களின்மேல் விழுவது விளங்கும்.

எது உண்மை போன்றது?

கண்ணுக்கு அழகாகத் தோன்றும் பாவனைப் படம் நல்ல பாவனைப் படமாக இருக்கவேண்டியதில்லை. தரவுச் சவால் 2-இல் திரள்கள் மையப் புடைப்பு, தட்டு, அவற்றின்மேல் சிதறிய ஒளிமுடிச்சுகள் என்னும் எளிய வடிவிலேயே வரையப்பட்டன. ஐந்தாண்டுப் படத்தொகுதியை மென்பொருள் இறுதிவரை தாங்குமா, பட்டியல்கள் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதைச் சோதிக்க அது போதுமானது. ஒழுங்கற்ற வடிவமுள்ள திரள்களைப் பிரித்தறியும் திறனைச் சோதிக்க அது போதாது. நோக்கத்தைக் கூறாமல் ஒரு பாவனையை 'உண்மைக்கு நெருக்கமானது' எனப் பாராட்டுவதில் பொருளில்லை.

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. திரளின் ஒளிப்பரவலைக் குறித்த ஒரு சூத்திரத்தைப் பாவனையும் பயன்படுத்தி, அளக்கும் மென்பொருளும் அதே சூத்திரத்தைப் பொருத்தினால் சோதனை எளிதில் வெற்றி பெறும். வினாத்தாள் குறித்தவரே விடைத்தாளும் எழுதினால் கிடைக்கும் மதிப்பெண் அது. 2013-இல் தொடங்கிய கிரேட்3 போட்டி இவ்விடரை இரு வழிகளில் எதிர்கொண்டது. ஒரு பிரிவுக்கு ஹபிள் தொலைநோக்கி எடுத்த உண்மைத் திரள்களின் படங்கள் அடிப்படையாயின. விடையும் பங்கேற்பாளர்களிடமிருந்து மறைக்கப்பட்டது.

மற்றொரு வழி, உண்மைப் படத்தினுள்ளேயே சில செயற்கைப் பொருள்களை நட்டுப் பார்ப்பது. கரும் ஆற்றல் அளக்கையில் பயன்பட்ட பால்ராக் என்னும் மென்பொருள் இவ்வகையைச் சார்ந்தது. வானப் பின்னணி, உணரியின் குறைகள், அண்டைப் பொருள்கள் ஆகியவை தாமாகவே உண்மையானவையாக அமைந்துவிடுகின்றன. மீவிண்மீன் வெடிப்புகளைத் தேடும் மென்பொருள் எத்தனையைத் தவறவிடுகிறது என்பதைக் கணக்கிட இது மிகப் பொருத்தமானது. ஆனால் நடப்படும் பொருளை எவ்வளவு மங்கலாக்க வேண்டும் என்பதை, சோதிக்கப்படும் மென்பொருளே கணித்த அளவிலிருந்துதான் எடுக்கவேண்டியுள்ளது. அக்கணிப்பு தவறாயின் நடப்பட்ட பொருளும் அதே தவற்றைச் சுமக்கும். சோதனை அதனைக் காட்டாது. எனவே முழுப் பாவனையை இம்முறை நீக்கிவிட முடியாது.

உண்மைப் படங்கள் வரத் தொடங்கியபின் பாவனையின் பணி குறையவில்லை. ரூபின் வானாய்வகத்தின் முதல் முன்னோட்டத் தரவு 2021-இல் ஆய்வாளர்களுக்கு வழங்கப்பட்டபோது அது தரவுச் சவால் 2-இன் செயற்கை வானமாக இருந்தது. 2025 ஜூன் 30 அன்று வெளியானது உண்மை வானம். உணரிகளின் நடத்தை, ஆடிகளின் சீரமைவு, மலைமேல் வீசும் காற்றின் தன்மை ஆகியவை இனி அளந்த எண்களாகப் பாவனைக்குள் செல்லும். வெளியிடப்படும் ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் அதற்குரிய செயற்கை வானத்தைப் புதிதாக வரையவேண்டியிருக்கும்.